குடைச் செடிக்கு ஏன் இந்தத் தண்ணீர்த் தண்டனை?

கொண்டாப்பூரில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குச் சொந்த மண் என்று ஒன்று இருக்குமானால், அது பெரும்பாலும் ஒரு பூந்தொட்டிக்குள் அடங்குகிற மண்தான். திருநெல்வேலியிலும் திண்டிவனத்திலும் கொல்லைப்புறத்தில் முருங்கையும் கருவேப்பிலையும் வைத்துப் பழகியவர்கள், இங்கே மூன்றாம் மாடியில், எதிர்க் கட்டிடத்தின் சுவரைப் பார்த்த ஜன்னலோடு காலம் தள்ளுகிறார்கள். 1998-ல் பக்கத்து மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பிறகு வளர்ந்த பேட்டை இது. கட்டிடத்தோடு கட்டிடம் தோள் உரசி நிற்கிறது. வெயில் மொட்டை மாடிக்கு மட்டுமே சொந்தம். இந்த ஜன்னலில் துளசி வைத்தால் நூலாய் இளைத்துப் போகிறது. கருவேப்பிலைக் கன்று ஓராண்டு ஆனாலும் தாளிப்புக்கு நாலு இலை கொடுப்பதில்லை.

அதனால்தான் குடைச் செடி வீட்டுக்குள் வந்திருக்கிறது. ஒரே காம்பின் நுனியில் ஏழெட்டு சிற்றிலைகள் வட்டமாக விரிந்து, குடைக் கம்பிகளைப் போல் சரிந்து நிற்கும் செடி. ஐ.டி. கம்பெனிகளின் வரவேற்புக் கூடத்திலும் வங்கிக் கிளைகளிலும் பார்த்துப் பார்த்து, வீட்டிலும் ஒன்று இருக்கட்டும் என்று வாங்கி வருகிறார்கள். ராஜமகேந்திரவரத்துக்குப் பக்கத்துக் கடியம் நர்சரிகளில் வளர்ந்து லாரியில் வருகிற செடிகளில் இதுவும் ஒன்று. நர்சரியில் இதன் பெயர் செஃப்லெரா. தாவரவியலார் 2020-ல் ஹெப்டாப்ளூரம் என்று பெயரை மாற்றி விட்டார்கள். சாலையோரக் கடைக்காரருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர இன்னும் பல காலம் ஆகும். தெலுங்கில் குடைக்குக் 'கொடுகு' என்று பெயர். அதைச் சொன்னாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

வாங்கியது வரை சரி. அதன் பிறகு நடப்பதுதான் பரிதாபம். ஆறு மாதத்தில் இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்கிறது. "சேரவில்லை", "ராசியில்லை", "பக்கத்து வீட்டுக் கண் பட்டுவிட்டது" என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உண்மையான காரணம் வேறு. பட்டினியால் சாகும் குடைச் செடி குறைவு. வீட்டார் பாசத்தோடு தினமும் ஊற்றும் தண்ணீரால் சாவதுதான் அதிகம்.

இந்தச் செடியின் பிறப்பு வளர்ப்பைத் தெரிந்துகொண்டால் விஷயம் புரியும். சிற்றிலைக் குடைச் செடிக்குத் தாயகம் தைவானும் ஹைனான் தீவும். பெரிய இலை உடையது வட ஆஸ்திரேலியா, நியூகினி காடுகளைச் சேர்ந்தது. இரண்டுமே காட்டில் பல சமயம் தரையில் முளைப்பதில்லை. வேறொரு மரத்தின் கிளைப் பிளவில் சேர்ந்த சருகு மட்கில் விதை விழுந்து, அங்கேயே வேர் பிடித்து, அந்த மரத்தின் மேலேயே குடித்தனம் நடத்துகின்றன. மழை பெய்தால் வேர் நனையும். மழை விட்டதும் தண்ணீர் வழிந்தோடி, காற்றுப் பட்டு உலரும். நனைவதும் உலர்வதுமாகப் பழகிய வேர் அது. அதைக் கொண்டுவந்து அடியில் துளையில்லாத பீங்கான் ஜாடியில் களிமண்ணை அடைத்து நட்டு, காலையில் காப்பி போடும்போது ஒரு சொம்பு, மாலையில் விளக்கேற்றும்போது ஒரு சொம்பு என்று ஊற்றினால் வேர் மூச்சுத் திணறி அழுகாமல் என்ன செய்யும்? இலை உதிர்வதைப் பார்த்ததும் "ஐயோ, வாடுகிறதே" என்று இன்னும் இரண்டு சொம்பு! நோயாளிக்கு அஜீரணம் என்றால் விருந்து வைக்கிற வைத்தியம் இது.

இதில் பெயர்க் குழப்பம் வேறு சேர்ந்துகொள்கிறது. குடைச் செடி என்ற பெயரிலேயே நர்சரியில் இன்னொன்றும் விற்கிறது. அது மடகாஸ்கர் பக்கத்துக் கோரை. நீண்ட பச்சைத் தண்டின் உச்சியில் புல் போன்ற இலைகள் விரிந்திருக்கும். குளக்கரைச் செடியாதலால் அதன் கால் எப்போதும் தண்ணீரில் நிற்கலாம். அதற்குச் சொன்ன யோசனையைக் கேட்டு இதற்குச் செய்தால், செடி போய் வெறும் தொட்டிதான் மிஞ்சும். எதை வாங்குகிறோம் என்று கடையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீர் ஊற்றுவதற்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. விரலை மண்ணுக்குள் ஒன்றரை அங்குலம் விட்டுப் பார்த்தால் போதும். ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால், அடித் துளை வழியே வெளியேறும் வரை நன்றாக ஊற்றிவிட்டு, மறுபடி காயும் வரை விட்டுவிட வேண்டும். வெளியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஏப்ரல், மே மாதங்களில் கூட, வீட்டுக்குள் இருக்கும் செடிக்குத் தினசரித் தண்ணீர் பெரும்பாலும் தேவைப்படாது. டிசம்பர், ஜனவரியில் இன்னும் குறைவு. அந்த மாதங்களில் ஹைதராபாத் பல்கலைக்கழக வட்டாரத்தில் சில இரவுகள் பத்து டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அப்போது பால்கனியில் இருக்கும் தொட்டியை இரவில் உள்ளே எடுத்து வைப்பது நல்லது. இந்தச் செடி குளிருக்குப் பழகியதல்ல.

கொண்டாப்பூர்வாசிகளுக்கு இது செடியைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 கோடையில் ஹைதராபாதின் மேற்குப் பகுதிகள் டாங்கர் தண்ணீருக்கு என்ன பாடு பட்டன என்பதை இங்கே குடியிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, பதிவு செய்த லாரி வரும் வரை வாளிகளோடு காத்திருந்த குடும்பங்கள் எத்தனை! மாதச் சம்பளக்காரர் பராமரிப்புக் கட்டணத்தோடு டாங்கர் பங்கையும் கட்டி வாங்குகிற தண்ணீரை, வேண்டாம் என்கிற செடியின் தலையில் கொட்டுவதில் என்ன நியாயம்? அரிசி களைந்த தண்ணீரை உப்புச் சேராமல் எப்போதாவது ஊற்றலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை நீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் இன்னும் விசேஷம். ஏனென்றால் பாறைப் பூமியான இந்த வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பது அந்த நீர் விட்டுப்போன உப்புத்தான். மாதம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மழை நீரை ஊற்றி, அடியால் ஓட விட்டுக் கழுவினால் அது குறையும்.

இதைவிடப் பெரிய ஆபத்து தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டில் இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இப்படிப்பட்ட தெளிந்த நீரைத்தான் தேடி வருகிறது. முட்டை கொசுவாகப் பறப்பதற்கு ஏழெட்டு முதல் பத்து நாள் போதும். அதன் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது; வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு டெங்கு வந்தால் ஆகிற செலவில் ஒரு நர்சரியையே வாங்கலாம் என்று சொன்னால் அது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "தொட்டி வைக்கக் கூடாது, தரை கறை படும், கீழ் வீட்டுக்கு ஒழுகும்" என்று வாடகை பேசும்போதே நிபந்தனை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒழுகல் பற்றிய பயம் நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்து தடை அல்ல. துளையுள்ள தொட்டி, அடியில் தட்டு, தட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு மரப்பலகை, இவை இருந்தால் தரைக்கு ஒரு கேடும் வராது. சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்டு நிற்கிற குடித்தனக்காரர், ஒரு பச்சை இலைக்கும் அனுமதி கேட்க வேண்டிய நிலை வேண்டாம்.

இனி, விற்கிறவர்கள் சொல்லும் பெரிய பொய்யைப் பார்க்கலாம். "இந்தச் செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும், அமெரிக்க விண்வெளி நிலையமே சொல்லியிருக்கிறது" என்பது அது. 1989-ல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வுதான் இந்தப் பேச்சுக்கு மூலம். காற்றுப் புகாமல் அடைத்த சிறு பெட்டிகளுக்குள் சில வீட்டுச் செடிகளை வைத்துச் செய்த சோதனை அது. வீடு என்ன, அடைத்த பெட்டியா? 2019-ல் இத்தகைய சோதனைகளை எல்லாம் ஒன்றாக வைத்துக் கணக்கிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், சாதாரண வீட்டுக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று காட்டினார்கள். அதாவது பத்தடிக்குப் பத்தடி அறையில் மிகக் குறைந்த கணக்கிலேயே 90 தொட்டிக்கு மேல்! அப்புறம் பாய் விரிப்பது எங்கே? ஜன்னலைத் திறந்து வைப்பதற்குக் காசு கிடையாது. வாஸ்துவின் பெயரால் இரட்டை விலை சொல்லும் கடைக்காரருக்கும் இதே பதில்தான். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கினால் செடிக்கும் கௌரவம், வாங்கினவருக்கும் கௌரவம்.

கைக்குழந்தையோ பூனையோ நாயோ இருக்கும் வீட்டில் எச்சரிக்கை தேவை. இந்த இலையில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும், எச்சில் ஊறும், வாந்தி வரும். சேனைக் கிழங்கு நாக்கை அரிப்பதற்கும் இதே சரக்குத்தான் காரணம் என்றால் தாய்மார்களுக்குச் சட்டென்று விளங்கும். குழந்தை மென்றுவிட்டால் வாயைக் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். தொட்டி எட்டாத உயரத்தில் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. கிளை நறுக்கும்போது வடிகிற பால் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும். கையை உடனே கழுவிவிடலாம்.

மற்றபடி இதற்குக் கேட்பது கொஞ்சம்தான். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். கிழக்கு அல்லது வடக்கு ஜன்னல் உத்தமம். மஞ்சள் திட்டு உள்ள ரகத்துக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். இருட்டில் திட்டு மங்கிப் பச்சையாகிவிடும். ஏ.சி. காற்று நேரே படும் இடத்தில் வைத்தால் இலை கொட்டும். வறண்ட கோடையில் இலையின் அடியில் சிலந்திப் பேன் வந்து நூல் கட்டும், மாவுப் பூச்சியும் வரும். ஈரத் துணியால் இலையைத் துடைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்போடு கலந்து தெளித்தால் அடங்கும். மண்ணுக்குச் செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் போதும். பொள்ளாச்சித் தென்னை நார்த் தூளையும் கலக்கலாம். ஆனால் அதை மட்டுமே நிரப்பக் கூடாது. காய்ந்து சுருங்கினால் ஊற்றுகிற தண்ணீர் ஓரத்தால் வழிந்து போய்விடும்.

வெயில் தாராளமாக விழும் பால்கனி கிடைத்த பாக்கியசாலிகள் இதை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் கருவேப்பிலை வைக்கட்டும், மிளகாய் வைக்கட்டும், குழம்புக்காவது ஆகும். வெயில் இல்லாத வீட்டுக்குத்தான் குடைச் செடி.

ஜூனில் முதல் மழை விழுந்ததும், உயர்ந்து வளர்ந்த கிளையைக் கணுவுக்குச் சற்று மேலே நறுக்கினால் தாய்ச்செடி பக்கக் கிளை விட்டுப் புதராகும். நறுக்கிய துண்டில் ஐந்தாறு அங்குலம் எடுத்து, மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து வேறு வீடு மாறுகிறவர்கள் பெரிய தொட்டியை லாரியில் ஏற்ற முடியாவிட்டால், இந்தத் துண்டை ஒரு பழைய டப்பாவில் வைத்துக் கையோடு எடுத்துப் போகலாம். தாய்ச்செடியை எதிர் வீட்டாரிடம் கொடுக்கும்போது, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று தெலுங்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினால் போதும்.