ஆழமாகத் தோண்டியவன்



கற்பாறையின்மேல் வீடு கட்டிய மனிதனின் உவமையை மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். லூக்காவின் சுவிசேஷத்தில் மட்டும் ஒரு சிறு செய்தி கூடுதலாக உண்டு: அம்மனிதன் ஆழமாகத் தோண்டினான். நம் பிரசங்கங்களில் பாறை இடம்பெறும் அளவுக்கு மண்வெட்டி இடம்பெறுவதில்லை. இவ்வாரம் அதைக் குறித்தே எழுத விரும்புகிறேன்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம், அணுகுண்டு ஆக்கும் பொருட்டு 1943இல் நிறுவப்பட்டது. போர்க்காலம் அது; இடம் தெரிந்தெடுத்தவர்கள் தேடியது மறைவையும் தனிமையையும். அதன் மேற்கே பஹாரிட்டோ என்னும் நிலப்பிளவு வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்குச் 'சிறு பறவை' என்று பொருள். சுமார் 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலை உமிழ்ந்த சாம்பல் இறுகி உண்டான பாறையை, அந்தச் சிறு பறவை 100 மீட்டருக்கும் மேலாக இடம்பெயர்த்திருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆனால் பூமி இப்படித் தவணை முறையில் நகர்வதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அசையாதிருந்து, சில நொடிகளில் பெருமளவு நகர்ந்துவிடுகிறது.

ஒரு நகரத்தின் நினைவோ எண்பது ஆண்டுதான். "இங்கே பெரிய நிலநடுக்கம் வந்ததே இல்லை" என்று பாட்டனார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அது சான்று ஆகாது. ஆகையால் ஆய்வாளர்கள் பிளவின் குறுக்கே அகழி வெட்டினார்கள். அகழியின் சுவரில் மண் அடுக்குகள் எங்கே முறிந்திருக்கின்றன, முறிவின்மேல் எந்த அடுக்கு பின்னர் படிந்தது என்று பார்த்து, அவற்றின் வயதைக் கணித்தார்கள். கடந்த 11,000 ஆண்டுகளில் இரண்டு அல்லது மூன்று முறை நிலம் மேற்பரப்பு வரை கிழிந்திருக்கிறது என்று அறிந்தார்கள்.

2007இல் வெளியான மறுமதிப்பீட்டில், எதிர்பார்க்க வேண்டிய அதிர்வின் அளவு கணிசமாக உயர்ந்தது. புளூட்டோனியத்தைக் கையாளும் கட்டடமோ 1978 முதலே இயங்கிவருகிறது.

வாசகரே, என் கருத்தில் சோதனை இங்கேதான் இருக்கிறது. வெறும் நிலத்தில் தோண்டுவது எளிது. குடியிருக்கும் வீட்டின் அருகே தோண்டி, பழைய கணக்கு போதாது என்று ஒப்புக்கொள்வதே கடினம். சுவரில் வெடிப்பு கண்டால் சாந்து பூசி வெள்ளையடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஒரு சபைக் கட்டடக் குழுவில் நானே அதற்குக் கை உயர்த்தியிருக்கிறேன். அஞ்சி ஆராய்வது அவிசுவாசம் என்று அன்று ஒருவர் சொன்னார். நான் மறுமொழி சொல்லவில்லை. இன்று சொல்வேன்: அளந்து பார்ப்பதை அவிசுவாசம் என்பது சோம்பலுக்குச் சூட்டிய பக்திப் பெயர்.

ஆய்வுக்கூடத்தின்மீதும் எனக்குக் குறை உண்டு. 2009இல் அணுப் பாதுகாப்புக்கான மேற்பார்வை வாரியம், நிலநடுக்கத்தைத் தொடர்ந்து அக்கட்டடத்தில் தீ எழுந்தால் நேரக்கூடிய ஆபத்தைச் சுட்டி, விரைந்து செயல்பட வலியுறுத்த வேண்டியதாயிற்று. மதிப்பீடு வந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்பும் வெளியிலிருந்து ஒருவர் உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பின் எரியக்கூடிய பொருள்களை அப்புறப்படுத்தினார்கள், கூரையை வலுப்படுத்தினார்கள். அருகே திட்டமிட்ட புதிய கட்டடத்துக்காக, அடியிலிருந்த வலுவற்ற சாம்பல் அடுக்கை முழுவதும் தோண்டியெடுத்துக் கான்கிரீட்டால் நிரப்புவதையும் ஆலோசித்தார்கள். செலவு பல நூறு கோடி டாலராக ஏறியது. 2012இல் அத்திட்டம் ஒத்திவைக்கப்பட்டது, பின்னர் கைவிடப்பட்டது. 1978இன் கட்டடத்தில் வேலை இன்னும் நடக்கிறது.