டவர் இருக்கிறது, டவர் இல்லை: பி.எஸ்.என்.எல் விவாதத்தில் விடுபட்ட கேள்வி

2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில், பி.எஸ்.என்.எல்லின் 4ஜி வலையமைப்பைப் பிரதமர் தொடங்கிவைத்தார். ஏறத்தாழ 97,500 கோபுரங்கள் என்று அறிவிக்கப்பட்டது. தேஜஸ், சி-டாட், டி.சி.எஸ் ஆகியவை சேர்ந்து உள்நாட்டிலேயே உருவாக்கிய தொழில்நுட்பம் இது. அன்று தொடங்கி நம் வட்டாரங்களில் இரண்டு குரல்களே மாறி மாறிக் கேட்கின்றன. ஒன்று, சுதேசிச் சாதனை என்று பெருமிதம் கொள்கிறது. மற்றொன்று, பிறர் 5ஜி விற்கும் காலத்தில் 4ஜிக்கு விழாவா என்று எள்ளுகிறது. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், பொதுத்துறைத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று எதற்காக இருக்க வேண்டும், அதன் வெற்றியை எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்ற கேள்வியை இரண்டுமே தொடவில்லை. அந்தக் கேள்வியைத் தொடாமல் வேறெதைப் பேசினாலும் பயனில்லை என்பது என் கருத்து.

முதலில் தாமதத்தின் வரலாற்றைப் பார்ப்போம். தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பிரிவுகள் 2000 அக்டோபர் 1 முதல் நிறுவனமாக இயங்கத் தொடங்கின. கைப்பேசிச் சேவை 2002 அக்டோபரில் லக்னோவில் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் இந்நிறுவனம் இலாபம் ஈட்டியது. சிற்றூர்களுக்குக் கைப்பேசியைக் கொண்டு சென்றதில் அதன் பங்கு பெரிது. பின்னர் வலையமைப்பை விரிவாக்க வேண்டிய தருணத்தில் கொள்முதல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைப்பட்டன. 9.3 கோடி இணைப்புகளுக்கான ஒப்பந்தப்புள்ளி 2010இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டில், தான் போட்டியிடாத ஏலத்தின் விலைக்கு இணையாக, 3ஜி மற்றும் அகலக்கற்றை அலைக்கற்றைகளுக்காக ஏறத்தாழ 18,500 கோடி ரூபாயை அது செலுத்த நேர்ந்தது. கையிருப்பு கரைந்தது.

அடுத்தது 4ஜி. ஏர்டெல் 2012இல் கொல்கத்தாவில் 4ஜியைத் தொடங்கியது. ஜியோ 2016 செப்டம்பரில் சந்தையில் நுழைந்து விலைகளைத் தரைமட்டமாக்கியது. பி.எஸ்.என்.எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை வழங்க அமைச்சரவை ஒப்புதல் அளித்ததோ 2019 அக்டோபரில். 2020இல் விடப்பட்ட 4ஜி ஒப்பந்தப்புள்ளி சில மாதங்களிலேயே இரத்தானது. எல்லைப் பதற்றத்தை அடுத்து, சீனக் கருவிகளைத் தவிர்த்து உள்நாட்டுத் தொழில்நுட்பத்தையே நாட வேண்டும் என்று முடிவாயிற்று. தனியார் நிறுவனங்கள் அக்காலத்தில் வெளிநாட்டுக் கருவிகளைக் கொண்டே தம் வலையமைப்பை விரித்துக்கொண்டிருந்தன. தற்சார்பு உயர்ந்த இலக்கே. ஆனால் அதற்கான விலையைப் பொதுத்துறை நிறுவனமும் அதன் வாடிக்கையாளரும் மட்டுமே ஐந்து ஆண்டுக் காத்திருப்பாகச் செலுத்தினர் என்பதை மறந்து விழா எடுக்கக் கூடாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அளவுக்கு மீறிய ஊழியர்களும் அவர்களது மெத்தனமும்தானே வீழ்ச்சிக்குக் காரணம்? இந்த மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு கட்டத்தில் வருவாயின் பெரும்பகுதியை ஊதியமே விழுங்கியது மெய்; பழுது நீக்க ஆள் வராமல் நாள்கணக்கில் காத்திருந்தோரின் கசப்பும் மெய். ஆனால் 2020 சனவரி இறுதியில் ஏறத்தாழ 78,500 பேர், அதாவது ஊழியர்களில் பாதிப்பேர், விருப்ப ஓய்வில் வெளியேறினர். ஊதியச் சுமை குறைந்தது. விட்டுச்சென்ற வாடிக்கையாளர்கள் திரும்பவில்லை. நோய்க்கு ஊழியர் எண்ணிக்கை மட்டுமே காரணமாயிருந்தால், அம்மருந்து இன்னும் தெளிவான பலனைத் தந்திருக்க வேண்டும். விற்பதற்கு 4ஜி இல்லாத கடையில் பணியாளரைக் குறைத்ததால் வாடிக்கையாளர் வந்துவிடுவதில்லை.

மொழியியல் மாணவர் என்ற முறையில் இவ்விவாதத்தின் சொற்களையும் கவனிக்கிறேன். 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளின் மூன்று 'புத்துயிர்த் தொகுப்புகள்' சேர்ந்து ஏறத்தாழ 3.22 லட்சம் கோடி ரூபாய். இவ்வெண் எங்கும் 'செலவிடப்பட்ட மக்கள் வரிப்பணம்' என்றே எழுதப்படுகிறது. ஆனால் 2022ஆம் ஆண்டுத் தொகுப்பான 1.64 லட்சம் கோடியில் ரொக்கம் 43,964 கோடி மட்டுமே. 2023இன் 89,047 கோடி, அரசு தன் நிறுவனத்துக்குப் பங்கு மூலதனமாக ஒதுக்கிய அலைக்கற்றையின் மதிப்பு. அலைக்கற்றைக்கும் விலையுண்டு, பிறருக்கு விற்றிருந்தால் கருவூலத்துக்குப் பணம் வந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் ஒரு பையிலிருந்து மறுபைக்கு மாற்றியதையும் கையிலிருந்து கொடுத்ததையும் ஒரே வினைச்சொல்லால் குறித்தால், வாசகர் மனத்தில் தவறான கணக்கே பதியும். 'நட்டம் ஏற்பட்டது' என்ற தொடரும் அத்தகையது. அதில் வினை உண்டு, வினைமுதல் இல்லை. யார் எடுத்த, அல்லது எடுக்காமல் விட்ட, முடிவால் ஏற்பட்டது என்பதை அத்தொடர் கேட்கவிடுவதில்லை.

இனி, இந்நிறுவனம் நமக்கு ஏன் தேவை? இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, விலை. நாட்டின் கைப்பேசிச் சந்தையில் பெரும்பகுதி இன்று இரண்டு தனியார் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. மூன்றாவதான வோடஃபோன் ஐடியாவைத் தாங்கிப்பிடிக்க அதன் நிலுவைகளைப் பங்குகளாக மாற்றிய அரசு, இன்று அதன் பங்குகளில் ஏறத்தாழ 49 விழுக்காட்டை வைத்திருக்கிறது. 2024 சூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்து விலையை உயர்த்தின. அம்மாதத்தில் பி.எஸ்.என்.எல் ஏறத்தாழ 29 லட்சம் இணைப்புகளைக் கூடுதலாகப் பெற்றது. ஆனால் அந்த ஆண்டு முடியுமுன்பே அந்த அலை வடிந்து, மீண்டும் இழப்பு தொடங்கியது. விலை அழைத்துவந்தவர்களைத் தரம் திருப்பி அனுப்பியது. பயன்படுத்தத்தக்க மாற்று ஒன்று இருந்தால் மட்டுமே சந்தையில் விலைக்குக் கடிவாளம் இருக்கும். ரீசார்ஜ் செய்வதற்காக மாதக் கடைசியில் உணவுச் செலவைச் சுருக்கும் ஆய்வு மாணவர்கள் நம் விடுதிகளிலேயே இருக்கிறார்கள். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் இது கருத்தியல் சிக்கல் மட்டுமன்று.

இரண்டாவது, எட்டாத ஊர்கள். 2022 சூலையில், 4ஜி எட்டாத 24,680 சிற்றூர்களுக்கு 26,316 கோடி ரூபாயில் அதைக் கொண்டுசெல்லும் பணி பி.எஸ்.என்.எல்லிடம் ஒப்படைக்கப்பட்டது. மலையும் காடும் எல்லையுமான இப்பகுதிகளில் வருவாயை எதிர்பார்த்து எந்நிறுவனமும் தானாகக் கோபுரம் எழுப்பாது. ஆனால் அரசோ தன் கடமைகள் பலவற்றையும் கைப்பேசிக்குள் மாற்றிவிட்டது. நியாயவிலைக் கடையின் விரல்ரேகைச் சரிபார்ப்பு, கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கான ஓடிபி, 2023 சனவரி முதல் ஊரக வேலையுறுதித் திட்டத்தில் கட்டாயமாக்கப்பட்ட செயலிவழி வருகைப்பதிவு என இவை அனைத்தும் அலைவரிசையை நம்பியிருக்கின்றன. இவ்வூர்களில் பழங்குடி மொழிகளைப் பேசும் மக்கள் பலர் வாழ்கின்றனர். அவர்களது மொழியைப் பதிவுசெய்யச் செல்லும் நாம், அவர்களின் கூலி எந்தக் கம்பியில்லா இணைப்பில் தொங்குகிறது என்பதையும் பதிவுசெய்ய வேண்டாமா?

தமிழில் 'டவர் இல்லை', 'டவர் கிடைக்கவில்லை' என்கிறோம். கண்ணெதிரே கோபுரம் நிற்கும்போதும் அப்படித்தான் சொல்கிறோம். கருவியின் பெயர் அதன் பயனுக்கு ஆகிவந்திருக்கிறது. நம் இலக்கண மரபில் இதைக் கருவியாகுபெயர் எனலாம். மக்கள் வழக்கில் கோபுரத்தின் பெயர் சேவையைக் குறிக்கிறது. அரசின் கணக்கிலோ நேர்மாறாகச் சேவை என்ற சொல் கோபுரத்தைக் குறிக்கிறது. 97,500 என்பது கோபுரங்களின் எண்ணிக்கை. அவற்றில் எத்தனை, மின்வெட்டின்போதும் இயங்குகின்றன? பழுதானால் எத்தனை நாளில் சீராகின்றன? டீசல் தீர்ந்தால் யார் பொறுப்பு? மக்களின் அகராதிப்படி 'டவர்' எத்தனை ஊர்களில் உண்டு?

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று, வணிகக் கணக்கும் சமூகக் கடமைக் கணக்கும் தனித்தனியே வெளியிடப்பட வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் ஒரு பகுதி, முன்னர் உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதி எனப்பட்ட டிஜிட்டல் பாரத் நிதிக்கே செல்கிறது. எட்டாத ஊருக்கான செலவை அதிலிருந்து வெளிப்படையாக ஈடுசெய்துவிட்டு, எஞ்சியதில் மட்டும் இலாப நட்டம் பேசலாம். இரண்டு, கோபுர எண்ணிக்கைக்குப் பதிலாக, ஊர்வாரியாக இயங்கிய நேரமே வெற்றியின் அளவாக வேண்டும். டிராய் 2024இல் வகுத்த சேவைத் தர விதிகள், அலைபரப்பு வரைபடங்களை வெளியிட நிறுவனங்களைப் பணித்துள்ளன. அவ்வரைபடத்தின் கூற்றை ஊர்மக்கள் தம் மொழியிலேயே மறுத்துப் பதிவுசெய்ய வழி வேண்டும். மூன்று, கொள்முதல் முடிவுகளுக்குக் காலவரையறை வேண்டும். கோப்பு நகரும் வேகத்தில் இயங்கச் சொல்லிவிட்டுச் சந்தையின் வேகத்தில் மதிப்பெண் இடுவது நேர்மையாகாது.

2024–25இன் கடைசி இரு காலாண்டுகளில் இந்நிறுவனம் சிறு இலாபம் காட்டியது. ஆண்டுக் கணக்கு அப்போதும் நட்டமே. இலாபம் தொடர்ந்தால் நல்லது. ஆனால் எட்டாத ஊர்களைக் கைவிட்டு ஈட்டும் இலாபமும், எட்டிய ஊர்களில் இயங்காத கோபுரமும் ஒன்றுக்கொன்று குறைந்த தோல்விகள் அல்ல. பொருளியல், சமூகவியல், மொழியியல் என எத்துறையில் களப்பணிக்குச் செல்வோரும் தம் குறிப்பேட்டில் ஒரு வரியைச் சேர்க்கலாம்: இவ்வூரில் இன்று டவர் இருந்ததா, எத்தனை மணிநேரம்? அந்த வரிகள் ஒன்றுசேர்ந்தால், விழா மேடைகளில் சொல்லப்படும் எண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்க நம்மிடமும் ஓர் எண் இருக்கும்.