கனவைக் காட்டி மணம் பேசாதீர்கள்

"கர்த்தர் எனக்குச் சொப்பனத்தில் காட்டினார்" என்று சபையில் ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை. மகளுக்கு எந்த வரன், வீட்டை விற்கலாமா, பிள்ளை வெளிநாடு போகலாமா என்று ஒவ்வொன்றுக்கும் தரிசனக்காரரைத் தேடிப் போகும் வழக்கம் நம் தமிழ்ச் சபைகள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. தேவன் இன்றும் விசுவாசிகளைக் கனவுகளாலும் தரிசனங்களாலும் நடத்துகிறார் என்ற இந்த நம்பிக்கையை நான் மறுக்கிறேன். வேதம் இப்படிப் போதிக்கவில்லை. குடும்பங்களையும் இது கெடுக்கிறது.

வேதத்தில் சொப்பனங்கள் இல்லையா என்பார்கள். இருக்கின்றன. யாருக்கு வந்தன என்று பாருங்கள்: அபிமெலேக்கு, லாபான், பார்வோன், நேபுகாத்நேச்சார், பிலாத்துவின் மனைவி. இஸ்ரவேலின் தேவனை வணங்காதவர்களும் கண்டார்கள். ஆகவே கனவு கண்டது ஒருவருடைய பரிசுத்தத்துக்கு அத்தாட்சி ஆகாது. புதிய ஏற்பாட்டில் சொப்பனம் என்று சொல்லி விவரிக்கப்படுபவை ஆறுதான். ஆறும் மத்தேயுவில் உள்ளன. ஐந்து, இயேசுவின் பிறப்பையும் குழந்தைப் பருவத்தையும் சார்ந்தவை. அப்போஸ்தலருடைய நடபடிகளில் தரிசனங்கள் உண்டு. சுவிசேஷம் புறஜாதிகளிடம் போன திருப்பங்களில் வந்தவை அவற்றுள் முக்கியமானவை. ஆனால் கனவை நாடுங்கள், தரிசனத்துக்குக் காத்திருங்கள் என்று எந்த நிருபமும் சபைக்குக் கட்டளையிடவில்லை. மூப்பரை நியமிப்பது பற்றித் தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதிய பவுல், அவனுடைய குணத்தைப் பார், குடும்பத்தை நடத்தும் விதத்தைப் பார் என்றுதான் எழுதினார்.

உடனே யோவேலை எடுப்பார்கள். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, சொப்பனங்களையும் தரிசனங்களையும் பற்றிய யோவேலின் வாக்கை எடுத்துச் சொன்னது உண்மை. அந்தப் பிரசங்கத்தை முழுவதும் வாசியுங்கள். தான் கண்ட கனவு எதையும் அவர் அங்கே சொல்லவில்லை. சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் சொல்லி, சங்கீதங்களிலிருந்து அவற்றுக்குச் சாட்சி காட்டினார். மலையின்மேல் கிறிஸ்துவின் மகிமையைக் கண்ணாரக் கண்டவர் அவர். அவரே பின்னாளில் நிருபம் எழுதும்போது, தீர்க்கதரிசிகள் எழுதிவைத்த வசனத்தைக் கவனித்திருங்கள் என்றுதான் சபைக்குச் சொன்னார். பவுலோ பரலோகம்வரை எடுத்துக்கொள்ளப்பட்ட அனுபவத்தைப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகுதான், எதிராளிகள் நெருக்கியதால், வேறொருவனைப் பற்றிப் பேசுவதுபோல எழுதினார். கேட்ட வார்த்தைகளை வெளியிடவே இல்லை. இன்று இரவில் கண்டது விடிவதற்குள் யூடியூபில் வருகிறது. காணிக்கை அனுப்ப வங்கிக் கணக்கு எண்ணும் கூடவே வருகிறது.

தேவன் நினைத்தால் கனவில் ஒருவரைத் தொட முடியாதா? முடியும். 1904இல் சாது சுந்தர் சிங்குக்குக் கிடைத்த தரிசனத்தை இழிவாகப் பேச நான் துணியமாட்டேன். ஆனால் மிஷன் பள்ளியில் அவருக்குப் புதிய ஏற்பாடு ஏற்கெனவே கற்பிக்கப்பட்டிருந்தது. வசனம் முந்திப் போயிருந்த இடத்தில் வந்த தரிசனம் அது. அகஸ்டீனின் தாய் மோனிக்கா, மகன் விசுவாசத்துக்கு வருவான் என்று ஒரு கனவால் ஆறுதல் பெற்றவர். பிற்பாடு மகனுடைய திருமணத்தைக் குறித்துத் தரிசனம் வேண்டி ஜெபித்தபோது, தன் மனத்தின் ஆவல் புனைந்த காட்சிகளையே கண்டார். அவற்றை மகனிடம் சொன்னார், நம்பிச் சொல்லவில்லை. கல்யாணக் காரியத்தில் தன் கனவையே சந்தேகிக்கும் தெளிவு அந்தத் தாய்க்கு இருந்தது. நம்மில் எத்தனை தாய்மாருக்கு அதைக் கற்பித்திருக்கிறோம்?

தரிசனத்துக்குக் கடிவாளம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்திலேயே கண்டிருக்கிறோம். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு, திருவிதாங்கூரில் சி.எம்.எஸ். மிஷனின் குருவாக இருந்தவர், மலையாளத்தில் அருமையான பக்திப் பாடல்களை இயற்றியவர். 1870களில் அங்கே ஓர் எழுப்புதல் எழுந்தது. மக்கள் அழுது மனந்திரும்பினார்கள். கூடவே தரிசனங்களும் தீர்க்கதரிசனங்களும் பெருகின. 1881இல் கிறிஸ்து வந்துவிடுவார் என்று யோசேப்பும் அவரோடு இருந்தவர்களும் அறிவித்தார்கள். பலர் தாய்ச் சபையை விட்டு அவர்கள் பின்னே போனார்கள். ஆண்டு கடந்தது. தவறிவிட்டது என்று ஒத்துக்கொள்வதற்குப் பதிலாக, ஆவிக்குரிய விதமாக அவர் வந்துவிட்டார் என்று விளக்கம் சொல்லி, யுயோமயம் என்று புதிய யுகத்தையே தொடங்கிவிட்டார்கள். கல்வியும் பக்தியும் உள்ளவருக்கே இந்தக் கதி. சொன்னது நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்று உபாகமம் வெட்டவெளிச்சமாகச் சொல்லியிருக்க, அந்தச் சோதனையை அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளவில்லை. இன்றைய ஊழியக்காரர்களிலும் வைத்துக்கொள்பவர்கள் அரிது.

எனக்கு அதிக வேதனை தருவது, இதில் அடிபடுகிறவர்கள் யார் என்பதுதான். "உன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கர்த்தர் சொன்னார்" என்று ஒருவன் வந்து நின்றால், வேண்டாம் என்று சொல்லும் பெண் தேவனையே எதிர்ப்பவளாகிவிடுகிறாள். "உன் நாத்தனார் செய்வினை வைத்ததைத் தரிசனத்தில் கண்டேன்" என்ற ஒரு வார்த்தையில் இரண்டு வீடுகள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்கின்றன. சுகமாகிவிட்டது என்ற வெளிப்பாட்டை நம்பிச் சர்க்கரை வியாதிக்காரர் இன்சுலினை நிறுத்துகிறார். கண்டவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. விளைவை மற்றவர்கள் சுமக்கிறார்கள். எரேமியாவின் காலத்தில் கனவு கண்டேன் என்று சொல்லி ஜனத்தை மயக்கியவர்கள்மேல் கர்த்தர் கோபங்கொண்டது இதற்காகத்தான்.

இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு தமிழ்ப் புதிய ஏற்பாடு. 1715இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்தார். முந்நூறு ஆண்டுகளாக வசனத்தைத் தாய்மொழியில் கையில் வைத்திருக்கும் ஜனம், தேவன் தங்களோடு பேசவில்லை என்று இன்னொருவருடைய தூக்கத்துக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

போதகர்களே, ஞாயிறு ஆராதனையில் கனவுச் சாட்சிக்கு ஒதுக்கும் நேரத்தை வேத வாசிப்புக்குக் கொடுங்கள். பெற்றோரே, கனவைக் காட்டிப் பெண் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புங்கள். மாப்பிள்ளையின் நடத்தையை விசாரியுங்கள், மகளின் சம்மதத்தைக் கேளுங்கள்.