ஒரு பழைய டயர்



பொங்கல் என்றதும் உங்களுக்குக் கரும்பும் விடுமுறையும் நினைவுக்கு வரும். எனக்கோ, முந்தின நாள் போகிதான் முதலில் நினைவுக்கு வரும். கூடவே ஒரு பழைய சைக்கிள் டயரும்! ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. அப்போது நான் ஆறாம் வகுப்பு ஆசிரியர். போகிக்கு முதல் நாள் மாலை, எங்கள் தெருப் பையன்கள் வாசலில் வந்து நின்றார்கள். "சார், போகிக்குப் பழைய டயர் இருந்தா குடுங்க சார்!" என்று கேட்டார்கள். பரணில் கிடந்த டயரை எடுத்துக் கொடுத்தேன். வீடும் சுத்தமாயிற்று, பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சி என்று நினைத்தேன்.

மறுநாள் விடியும் முன்பே மேளச் சத்தம். தெரு முழுவதும் கரும்புகை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, முதல் பெஞ்சில் உட்காரும் மாணவன் வரவில்லை. அவன் வீடு எங்கள் தெருக்கோடியில்தான் இருந்தது. மாலையில் போய்ப் பார்த்தேன். அவனுக்கு வீசிங் தொல்லை உண்டு. போகிப் புகையில் மூச்சுத் திணறி, மருத்துவமனையில் சேர்த்து, அன்றுதான் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். "பொங்கலுக்கு நான் கரும்பே சாப்பிடலை சார்" என்றான்.

எரிந்தது யார் வீட்டு டயர் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்.

அப்படியானால் போகி கெட்ட பண்டிகையா? இல்லவே இல்லை! மார்கழியின் கடைசி நாளில் வேண்டாததைக் கழித்து வீட்டைச் சுத்தம் செய்வது நல்ல வழக்கம்தான். நம் தாத்தா பாட்டி காலத்தில் கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த ஓலைக்கூடை ஆகியவற்றை எரித்தார்கள். அந்தப் புகையும் மூச்சுக்கு நல்லதில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் எரிந்து அடங்கிவிடும். இன்றைய குப்பை வேறு. டயர் ரப்பரில் கந்தகம் கலந்திருக்கிறது. அது எரியும்போது கந்தக டை ஆக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது.

இன்னொன்றும் உண்டு. குளிர்காலத்து விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும். அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல நிற்கும். அதனால் புகை மேலே போகாமல் நம் மூக்கின் மட்டத்திலேயே தங்கிவிடும். 2018ஆம் ஆண்டு போகியன்று, பனியோடு புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே சரியாகத் தெரியவில்லை. பல விமானங்கள் தாமதமாயின. சில விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன.

"எங்கள் வீட்டுக் குப்பை, எங்கள் வாசலில் எரிக்கிறோம்" என்று சிலர் சொல்வார்கள். தீ நம் வாசலில் நிற்கும், புகை நிற்குமா? அதனால்தான் இதற்குச் சட்டம் வந்தது. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தெருவிலும் பொது இடத்திலும் எரிக்கக் கூடாது என்றன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்த வெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று உத்தரவிட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆண்டுதோறும் போகிக்கு முன்பு வேண்டுகோள் விடுக்கிறது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

பழைய துணியைத் துவைத்து, தேவைப்படுவோருக்குக் கொடுக்கலாம். காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பழைய பேப்பர்க் கடையில் போடலாம். டயரைத் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்கலாம்.

வீட்டுப் பெரியவர்கள் சம்பிரதாயத்துக்காகச் சிறு தீ மூட்டினால், தள்ளியே நில்லுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். தீயில் மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றவே கூடாது. சாம்பலில் கனல் இல்லாதபடி தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் நகர வேண்டும். தீப்புண் பட்டுவிட்டால் இங்க், பற்பசை எதுவும் தடவாதீர்கள். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். தீ பரவினால் 101 அல்லது 112 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

மேளம் அடியுங்கள், கோலம் போடுங்கள், வீட்டைச் சுத்தம் செய்யுங்கள். ஆனால், யாராவது டயர் கேட்டு உங்கள் வாசலுக்கு வந்தால், தெருக்கோடி வீட்டில் படுத்திருந்த அந்தப் பையனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு தம்பியோ தங்கையோ வயதான பாட்டியோ இருக்கலாம். அவர்களும் பொங்கலன்று கரும்பு சாப்பிட வேண்டாமா?