சிட்னி பீச்சுக்குப் போறீங்களா? முதலில் கொடியைத் தேடுங்கள்!

'பொண்ணு சிட்னியில இருக்கா. டிசம்பர்ல போறோம். என்னென்ன எடுத்துட்டுப் போகலாம்?' இந்தப் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. ஆனால், அங்கே போனதும் கடலில் எங்கே இறங்கலாம் என்று கேட்பவர்கள் குறைவு. உண்மையில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இருந்தாலும் பெட்டியிலிருந்தே தொடங்குவோம். ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது, கையில் இருக்கும் உணவு, விதை, மரப்பொருள் எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் சொல்லிவிட வேண்டும். ஊறுகாய், பருப்புப்பொடி, வடகம் என எதுவாக இருந்தாலும் 'ஆம்' என்று டிக் செய்யுங்கள். சொல்லிவிட்டால் அதிகாரி பார்ப்பார். அனுமதி இல்லாததை எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். மறைத்து மாட்டினால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகலாம். விசாவையே ரத்து செய்யவும் சட்டம் இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் பால் கலந்த இனிப்புகளும் வேண்டவே வேண்டாம். பேத்திக்காகச் செய்த பால்கோவா குப்பைத்தொட்டிக்குப் போவதைப் பார்க்க மனசு தாங்காது. மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துப்போகாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதிய டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும். இந்தியர்களுக்கு அங்கே இலவச மருத்துவம் கிடையாது என்பதால், பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பக் கூடாது.

ஊருக்குள் போய்வர ரயில், பஸ், ஃபெர்ரி மூன்றுக்கும் ஒரே 'ஓபல்' அட்டை போதும். கான்டாக்ட்லெஸ் வசதியுள்ள டெபிட், கிரெடிட் கார்டையும் தட்டலாம். ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரே கார்டில் குடும்பமே போக முடியாது. 4 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சிறுவர் ஓபல் அட்டை தனியாக வாங்கிவிடுங்கள். வங்கிக் கார்டைத் தட்டினால் பெரியவர் கட்டணம் போய்விடும். விமான நிலைய ரயில் நிலையத்தில் டிக்கெட்டுக்கு மேல் தனியாக ஒரு கட்டணம் இருக்கிறது, அது கொஞ்சம் அதிகம்தான். பெட்டி குறைவாக இருந்தால் 420-ம் எண் பஸ் பிடித்து அதைத் தவிர்க்கலாம்.

இப்போது கடல்.

சிட்னி என்றாலே எல்லோரும் கேட்பது 'Bondi' பீச். எழுத்துக்கூட்டினால் போண்டி என்று வரும், உச்சரிப்பு 'போண்டாய்'. போண்டாய் ஜங்ஷன் வரை ரயில், அங்கிருந்து 333-ம் எண் பஸ். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மணலில் நடந்தால் பலரும் போய்ச் சேர்வது கடற்கரையின் தெற்கு முனைக்கு. அங்கே அலை குறைவாக, தண்ணீர் அமைதியாகத் தெரியும். 'இங்கே பாதுகாப்பா இருக்கே' என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. வெளியூர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வதால் அந்த இடத்துக்கு 'பேக்பேக்கர்ஸ் எக்ஸ்பிரஸ்' என்றே உள்ளூரில் பட்டப்பெயர்.

காரணம் எளிது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். ஆழமான ஒரு பள்ளம் கிடைத்தால் அந்த வழியாக வேகமாகத் திரும்பும். இதைத்தான் 'ரிப்' என்கிறார்கள். பள்ளத்தில் அலை உடையாது. அதனால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் கருத்து, சாதுவாகத் தெரியும்.

நம் ஊர் பீச்சில் பெரும்பாலும் காலை நனைத்துவிட்டுச் சுண்டல் சாப்பிட வந்துவிடுவோம். அங்கே சுற்றிலும் எல்லோரும் நீந்துவதைப் பார்த்ததும் நமக்கும் ஆசை வரும். முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம் என்று போய்க்கொண்டே இருப்போம். புடவையும் ஜீன்ஸும் நனைந்தால் கனம் கூடிவிடும் என்பது அப்போது நினைவுக்கு வராது.

அதனால் மணலில் கால் வைத்ததும் சிவப்பும் மஞ்சளுமாக நட்டிருக்கும் இரண்டு கொடிகளைத் தேடுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் லைஃப்கார்டுகளின் கண் இருக்கும். கடலின் நிலைமை மாறினால் கொடிகளையும் நகர்த்துவார்கள். காலையில் பார்த்த இடத்திலேயே மதியமும் இருக்கும் என்று நம்பாதீர்கள். கொடி இல்லையா, இறங்க வேண்டாம். எந்தக் கடற்கரையில் காவல் இருக்கிறது என்பதை 'பீச்சேஃப்' இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒருவேளை இழுத்துவிட்டால்? ரிப் ஆளை அடியில் அமுக்காது, கடலுக்குள் கொண்டுபோகும். கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போவதால்தான் உயிர் போகிறது. மல்லாந்து மிதந்தபடி ஒரு கையைத் தூக்கி உதவி கேளுங்கள். நீச்சல் தெரிந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கம் நீந்தலாம். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்காமல் லைஃப்கார்டைக் கூப்பிட வேண்டும். அவசர எண் 000. மொபைலில் 112 அழுத்தினாலும் போகும்.

இது புதுமுகங்களுக்கு மட்டுமான எச்சரிக்கை இல்லை. 1938 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. இதே போண்டாயில் அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே இழுத்துப் போயின. சுமார் 250 பேரை மீட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அத்தனை மீட்பாளர்கள் கரையிலேயே இருந்த நாள் அது. 'கறுப்பு ஞாயிறு' என்று இன்றும் சொல்கிறார்கள்.

தாத்தா பாட்டியோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு என் ஓட்டு பால்மோரல் பீச்சுக்குத்தான். துறைமுகத்துக்குள் இருப்பதால் அலை குறைவு, வலை கட்டிய குளிக்கும் இடமும் உண்டு. பிரான்டே பீச்சில் பாறையோரமாகக் கடல்நீர்க் குளம் ஒன்று இருக்கிறது, கட்டணம் இல்லை. ஆனால் கடல் கொந்தளிக்கும் நாளில் அந்தக் குளத்துக்குள்ளும் அலை அடிக்கும், கவனம். பாறை நுனியில் செல்ஃபி எந்த நாளிலும் வேண்டாம்.

சில நாள்களில் நீல நிறத்தில் பலூன் மாதிரி ஒன்று கரை ஒதுங்கும். 'ப்ளூபாட்டில்' என்பார்கள். அழகாக இருக்கிறதே என்று பிள்ளைகள் தொட்டால் சுரீரென்று கொட்டும். கடல்நீரால் கழுவிவிட்டு, தாங்கும் அளவு சூடான தண்ணீரில் 20 நிமிடம் வைத்தால் வலி குறையும். வினிகர் ஊற்றக் கூடாது. வெயிலையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கும் அங்கே தோல் கருகும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் அவசியம்.

வெஸ்ட்மீட், பென்டில் ஹில் பக்கம் பிள்ளைகள் வீட்டில் தங்குகிறவர்களுக்கு முருகன் கோயில் மேஸ் ஹில்லில், பக்கத்திலேயே இருக்கிறது. கடலுக்குத்தான் தூரம். ரயிலில் சர்க்குலர் கீ வந்து, மேன்லி ஃபெர்ரி பிடியுங்கள். அரை மணி நேரப் பயணம். திரும்பும்போது சூரியன் சாயும் நேரமாகப் பார்த்து, இடதுபக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஓபரா ஹவுஸ் அந்தப் பக்கம்தான் வரும்.