மலைப் பாதை யாருக்கு?



1932இல் மான்செஸ்டர் வட்டாரத்துத் தொழிலாளர்கள் பொதுமக்கள் நடக்கக் கூடாது என்ற தடையை மீறி கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். 1951இல் அந்த மலை இருக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட் வட்டாரமே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. அப்படிப் போராடிப் பெற்ற வட்டாரத்தில், 2021 கிறிஸ்துமஸ் அன்று ‘முஸ்லிம் ஹைக்கர்ஸ்’ குழுவினர் நடந்தபோது சிலர் இணையத்தில் அவர்கள் மீது இனவெறி வசைகளைக் கொட்டினார்கள். நடந்ததைத் தவிர அந்தக் குழுவினர் என்ன செய்துவிட்டார்கள்?

சட்டப்படி யாரும் வழி மறிக்கவில்லைதான். ஆனால் கார் இல்லாத நகரத்துக் குடும்பம் அங்கே போய்ச் சேர்வதே பெரும்பாடு. போனாலும், முக்காடு போட்ட பெண் கிராமத்துத் தேநீர்க் கடைக்குள் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்று, எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பினால், அவர் மறுமுறை வருவாரா?

விளம்பரப் படத்தில் ஒரு கறுப்பு முகத்தைச் சேர்ப்பது போதாது. பூங்கா நிர்வாகங்கள் எல்லா இனத்தவரையும் வழிகாட்டிகளாக, வனக் காவலர்களாக நியமிக்க வேண்டும். வார இறுதியில் பேருந்து விட வேண்டும். இங்குள்ள தமிழ்ப் பள்ளிகளும் ஆண்டு விழாவோடு நின்றுவிடாமல், பிள்ளைகளை வருடத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பாதைகளில் நடக்க அழைத்துப் போகட்டும்.

— ஒரு வாசகி, மான்செஸ்டர்