எண்ணெய்த் தடையின் சுமை யார் தலையில்?

உக்ரைன் போருக்காக ரஷ்ய எண்ணெயை மறுப்பதை நாம் எதிர்க்கவில்லை. இனப் பாகுபாட்டைக் கண்டித்து 1946-இலேயே தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை முறித்தது இந்தியா. அண்டை நாட்டு அகதிகளைத் தம் வீடுகளில் ஏற்ற போலந்து மக்களின் தோழமையும் மெய்யானது.

ஆனால், ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 27 ஆகஸ்ட் 2025 முதல் அமெரிக்கா விதித்த 25 விழுக்காட்டுக் கூடுதல் வரி, பெட்ரோலியப் பொருள்களுக்கு விலக்களித்தது. காலணிக்கும் தோலுக்கும் அளிக்கவில்லை. எண்ணெய் வாங்கியவர் தப்பினர், செருப்புத் தைத்தவர் சிக்கினர்! காஞ்சிப் பட்டு பெரிதும் உள்நாட்டுச் சந்தையை நம்பியது. செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலைகளுக்குப் பேருந்தேறும் காஞ்சிபுரத்துக் கிராமப் பெண்களின் நிலை வேறு.

பணி தராத நாளுக்குப் பாதி ஊதியம் தரச் சொன்னது, 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் 25-சி பிரிவு. ஓராண்டுத் தொடர்பணியைக் காட்ட இயலாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதுவும் எட்டவில்லை. எரிபொருள் ஏற்றுமதி மீது விதித்து 2024 டிசம்பரில் கைவிட்ட மிகை இலாப வரியை ஒன்றிய அரசு மீண்டும் விதித்து, அந்நிதியிலிருந்து இவர்களுக்கு இழப்பீடு வழங்க வேண்டும்.